குடி நின்ற பின்: மீட்சியும் மனவலியும் குறித்த ஒரு வரலாற்றுக் குறிப்பு

போதைப் பழக்கத்தின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் நின்றுவிடுகிறார்கள். ஒன்று அரசின் சட்டம்: கலால் வரி, அபினி உரிமம், மதுவிலக்கு, தண்டனை. மற்றொன்று மருத்துவமனை: கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை, சில நாட்களில் தெளியும் உடல். அதன் பின் வரும் காலம் அரிதாகவே பதிவாகியுள்ளது. குடி நின்றுவிட்டது. ஆனால் குடிப்பதற்கு முன்பே இருந்த துக்கமும், குடித்த ஆண்டுகளில் சேர்ந்த அவமானமும், கைவிட்டுப்போன உறவுகளின் நினைவும் இப்போது மறைப்பின்றி எதிரே நிற்கின்றன. இதுவரை அவற்றை மழுங்கச் செய்த பொருள் கையில் இல்லை. “குடியைத்தான் விட்டுவிட்டானே, இன்னும் ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்?” என்று வீடு கேட்கிறது. இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. குடியை நிறுத்துவது வேறு, குடியின்றி வலியைத் தாங்கக் கற்பது வேறு என்று உணர்வதற்கே இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி தேவைப்பட்டது.

அந்த வரலாற்றை அமெரிக்காவிலிருந்து தொடங்குவது பொருத்தமானது. பின்னாளில் இந்தியாவில் உருவான மறுவாழ்வு மையங்கள் பலவும் கைக்கொண்ட முறை அங்குதான் வடிவம் பெற்றது. 1934 டிசம்பரில் பங்குச் சந்தைத் தொழிலில் நொடித்துப்போன வில்லியம் வில்சன் என்பவர் நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் மீண்டும் ஒருமுறை சேர்க்கப்பட்டார். அதன் பின் 1971 ஜனவரியில் இறக்கும் வரை அவர் குடிக்கவில்லை. ஆனால் மருத்துவமனையை விட்டு வந்த ஐந்தாம் மாதமே ஒரு சோதனை வந்தது. 1935 மே மாதம் ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் அவர் மேற்கொண்ட வணிக முயற்சி தோற்றது. விடுதியின் முகப்புக் கூடத்தில் தனியே நின்றவருக்கு அருகிலிருந்த மதுக்கூடத்தின் சிரிப்பொலி கேட்டது. தோல்வியின் கசப்பும் தனிமையும் அவரை அந்தப் பக்கம் இழுத்தன. அவர் தொலைபேசியை எடுத்தார். உள்ளூர்த் தேவாலயங்களுக்கு ஒவ்வொன்றாகப் பேசி, தம்மைப் போன்ற வேறொரு குடிநோயாளியைத் தமக்குக் காட்டுமாறு கேட்டார். அப்படித்தான் மருத்துவர் ராபர்ட் ஸ்மித்தைச் சந்தித்தார். பதினைந்து நிமிடம் மட்டுமே இருப்பேன் என்று வந்த ஸ்மித் பல மணி நேரம் அமர்ந்து பேசினார். ஸ்மித் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஆம் நாளே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் ஏ.ஏ. இயக்கத்தின் தொடக்க நாளாகக் கொள்ளப்படுகிறது.

இந்த நிகழ்வு வழக்கமாக ஒரு இயக்கத்தின் பிறப்புக் கதையாகவே சொல்லப்படுகிறது. மனவலியின் வரலாற்றில் அதற்கு வேறொரு பொருளும் உண்டு. வில்சன் அன்று ஸ்மித்துக்கு அறிவுரை சொல்லப் போகவில்லை. தம்மைக் காப்பாற்றிக்கொள்ளப் போனார். வலியைத் தனியே சுமப்பவன் மதுவிடம் போகிறான், அதே வலியை அறிந்த இன்னொருவனிடம் சொல்பவன் அன்றைய பொழுதைக் கடந்துவிடுகிறான் என்ற கண்டுபிடிப்பு அது. கேட்பவர் மருத்துவராகவோ பாதிரியாராகவோ இருக்க வேண்டியதில்லை. அந்த வழியில் நடந்தவராக இருந்தால் போதும். மறுவாழ்வுத் துறை இன்று ‘சகநோயாளர் ஆதரவு’ என்று குறிப்பிடும் முறையின் வேர் இங்கே இருக்கிறது.

இந்தக் கண்டுபிடிப்பின் எல்லையையும் முதலில் தொட்டவர் வில்சன்தான். 1944ஆம் ஆண்டில் அவரைக் கடும் மனச்சோர்வு பிடித்தது. ஏறக்குறைய பதினொரு ஆண்டுகள் அது விட்டு விட்டு நீடித்தது. அப்போது அவர் குடியை விட்டுப் பத்தாண்டாகியிருந்தது. 1939இல் வெளிவந்த அவருடைய நூலைப் படித்துப் பல்லாயிரவர் மீண்டிருந்தனர். அப்படிப்பட்டவர் சில நாட்களில் அலுவலக மேசையில் தலையைக் கையில் தாங்கியபடி எதுவும் செய்ய இயலாமல் இருந்தார். மனநல மருத்துவர் ஹாரி டீபோவிடம் சிகிச்சைக்குச் சென்றார். ஏ.ஏ.வின் நிறுவனரே மனநல மருத்துவரை நாடுவதா என்று இயக்கத்தினுள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. பன்னிரண்டு படிகளை அவர் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை என்று சொன்னவர்களும் உண்டு. மீட்சிக்குப் பின்னரும் வலி இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள, மீட்சிக்காகவே உருவான அமைப்புக்கே கடினமாக இருந்தது.

வில்சனின் வலிக்குப் பழைய வேர்கள் இருந்தன. அவருக்குப் பத்து வயதாகும்போது பெற்றோர் பிரிந்தனர்; அவர் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார். 1912இல், பள்ளிப் பருவத்தில், அவர் நேசித்த பெண் அறுவை சிகிச்சையைத் தொடர்ந்து இறந்துபோனாள். அதைத் தொடர்ந்து நீண்ட மனச்சோர்வு வந்தது. அவர் முதன்முதலாக மதுவைத் தொட்டது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, ராணுவப் பணியில் இருந்தபோதுதான். காலவரிசை தெளிவானது: துக்கம் முன்னே வந்தது, மது பின்னே வந்தது. மதுவை அகற்றியபோது அது மூடி வைத்திருந்த பள்ளம் திரும்பவும் கண்ணுக்குத் தெரிந்தது.

1958 ஜனவரியில் ஏ.ஏ. இதழில் வில்சன் எழுதிய ஒரு கட்டுரை இவ்வரலாற்றின் முக்கியமான ஆவணம். ‘உணர்ச்சித் தெளிவு’ என்பதே மீட்சியின் அடுத்த எல்லை என்று அதில் அவர் வாதிட்டார். தம் மனச்சோர்வின் அடியில் அவர் கண்டது பிறர்மீதும் சூழ்நிலைமீதும் கொண்டிருந்த அளவற்ற சார்பு. பாராட்டும் பாதுகாப்பும் தாம் வேண்டிய அளவில் வர வேண்டும் என்று எதிர்பார்த்து, வராதபோது போராடி, தோற்றபோது சோர்ந்து வீழ்ந்தார். பதிலுக்கு எதையும் எதிர்பாராமல் அன்பு செலுத்தப் பழகியபோதே அந்தப் பிடி தளர்ந்தது என்பது அவர் தரும் விடை. இந்த விடை எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. அவருக்கேகூட அது முழுமையாகப் பொருந்தவில்லை. 1956இல் அவர் மருத்துவர் மேற்பார்வையில் எல்.எஸ்.டி. உட்கொண்டு பார்த்தார்; 1960களில் நியாசின் என்னும் வைட்டமின் மனச்சோர்வைத் தீர்க்கும் என்று நம்பிப் பரப்புரை செய்தார்; புகைப்பழக்கத்தை வெகுகாலம் விட முடியாமல் நுரையீரல் நோயால் இறந்தார். ஆயினும், குடிக்காமல் இருப்பவரின் துயரத்தை ஒழுக்கக் குறையாகப் பார்க்காமல் மீட்சியின் பாடமாகவே வைத்த முதல் குரல்களில் ஒன்று அவருடையது.

வலி குடித்தவரோடு நின்றுவிடுவதும் இல்லை. வில்சனின் மனைவி லூயிஸ், கணவரின் குடியைப் பதினேழு ஆண்டுகள் தாங்கியவர். கணவர் குடியை விட்டபின் ஒருநாள், கூட்டத்துக்கு நேரமாகிறது, விரைந்து கிளம்பு என்று அவர் சொல்ல, லூயிஸ் கையிலிருந்த காலணியை அவர்மீது எறிந்தார். அந்தச் சினம் அவரையே திடுக்கிடச் செய்தது. தம் அன்பாலும் கண்ணீராலும் முடியாத ஒன்றை முன்பின் அறியாத குடிகாரர்கள் சில மாதங்களில் செய்துமுடித்ததும், தம் வாழ்வின் முழுநேர வேலையாக இருந்த காவல் இனித் தேவையில்லை என்றானதும் அவரைக் காயப்படுத்தியிருந்தன. குடிக்காத கணவரோடு வாழ்வதற்கும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. குடும்பத்தாருக்கான ‘அல்-அனான்’ அமைப்பு 1951இல் உருவானதற்குப் பின்னால் இந்த அனுபவம் இருந்தது.

அனுபவத்தால் அறிந்ததை ஆய்வுலகம் 1980களில் எண்களாக்கியது. அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட்டும் உடன் பணியாற்றியோரும், மது, புகை, ஹெராயின், சூதாட்டம், மிகையுணவு ஆகியவற்றிலிருந்து விலகியவர்கள் மீண்டும் சரிந்த 311 நிகழ்வுகளைப் பகுத்தனர். 35 விழுக்காட்டுச் சரிவுகளுக்கு முன் நின்றது சினம், சலிப்பு, துக்கம், பதற்றம் போன்ற எதிர்மறை உணர்ச்சி. 16 விழுக்காட்டுக்கு முன் நின்றது உறவுச் சச்சரவு. 20 விழுக்காட்டுக்கு முன் நின்றது கூட்டாளிகளின் வற்புறுத்தல். ‘நண்பர்கள் கெடுத்துவிட்டார்கள்’ என்று குடும்பங்கள் வழக்கமாகச் சொல்லும் காரணத்தைவிட, தாங்க முடியாத உணர்ச்சியே அதிகம் பேரைத் திரும்பக் கொண்டுசென்றது. மார்லட் இன்னொன்றையும் கவனித்தார். ஒருமுறை தவறியதும் எழும் குற்றவுணர்ச்சிதான் அந்தத் தவறை முழு வீழ்ச்சியாக மாற்றுகிறது. ‘முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு’ என்று தமிழ்ப் பழமொழி குறிக்கும் மனநிலை இதுவே. அவமானப்படுத்தித் திருத்தலாம் என்ற நம்பிக்கைக்கு எதிரான வலுவான சான்று இது.

எல்லா வலியும் ஒரே வகையானதும் அன்று. சான்டியாகோவில் சிகிச்சை பெற்ற குடிநோயாளிகளை ஆராய்ந்து பிரவுனும் ஷக்கிட்டும் 1988இல் வெளியிட்ட முடிவின்படி, சேர்க்கையின்போது 42 விழுக்காட்டினரிடம் குறிப்பிடத்தக்க மனச்சோர்வு இருந்தது. குடிக்காமல் நான்கு வாரம் கடந்தபின் அது 6 விழுக்காட்டினரிடம் மட்டுமே எஞ்சியிருந்தது. அதாவது, தொடக்க வாரங்களின் இருளில் பெரும்பகுதி மது உண்டாக்கியது, காத்திருந்தால் விலகும். எஞ்சுவது தனி நோய். அதற்குத் தனிச் சிகிச்சை வேண்டும். இதற்கு மறுமுனையில் நின்று எட்வர்ட் கான்ட்ஸியன் 1985இல் முன்வைத்த கருதுகோள், மனிதர்கள் போதையை இன்பத்துக்காக நாடுவதைவிடத் தாங்க முடியாத உணர்ச்சிக்கு மருந்தாகவே நாடுகிறார்கள் என்றது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது நடைமுறைக்கு உதவும் ஒரு தெளிவு கிடைக்கிறது: முதல் மாதத்தின் துயரத்தைக் கண்டு மீட்சியே பொய் என்று முடிவுகட்டக் கூடாது, மாதங்கள் கடந்தும் நீங்காத துயரத்தைப் ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று தள்ளவும் கூடாது.

இந்தியாவின் கதை வேறு பாதையில் தொடங்கியது. இங்கே குடி முதன்மையாக அரசியல், அறவியல் சிக்கலாகப் பேசப்பட்டது. ராஜாஜி அரசு 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்த மதுவிலக்கும், அரசியலமைப்பின் 47ஆம் பிரிவும் அந்த மரபைச் சேர்ந்தவை. காந்தியம், பெண்களின் சாராய எதிர்ப்புப் போராட்டங்கள், ஒடுக்கப்பட்டோர் இயக்கங்கள் ஆகியவற்றுக்கு மதுவிலக்கில் நியாயமான அக்கறை இருந்தது. கூலிப்பணம் கடைக்குப் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் இந்தச் சொல்லாடலில் குடிப்பவர் திருந்த வேண்டியவராக மட்டுமே இடம்பெற்றார். திருந்திய பின் அவர் மனத்தில் என்ன நிகழ்கிறது என்று கேட்கச் சொற்கள் இல்லை. 1985இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டமும் பொருளையும் தண்டனையையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டது.

அந்தச் சொற்களை உருவாக்கியவை சிறு குழுக்கள். 1957இல் ஏ.ஏ. பம்பாயில் கால்கொண்டது. 1980இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் தம் கணவர் பெயரில் ஒரு மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். கணவர் ரங்கநாதன் இளம் வயதிலேயே குடிநோயால் இறந்தவர். கைம்பெண் ஒருவர் கணவரின் குடியை வெளியே சொல்வதே இழுக்கு என்று கருதப்பட்ட சமூகத்தில், சாந்தி அந்தச் சாவின் காரணத்தை மறைக்காமல் அதையே பொதுப்பணியின் தொடக்கமாக்கினார். அமெரிக்காவின் ஹேசல்டன் மையத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பிய அவர் கட்டமைத்த டி.டி.கே. மருத்துவமனையில், நோயாளிக்கு உள்ளது போலவே குடும்பத்தாருக்கும் தனி ஆலோசனை நிகழ்ச்சி அமைந்தது. மருத்துவமனைக்கு வர இயலாத கூலித் தொழிலாளர்களுக்காகக் காவிரிப் படுகையின் மஞ்சக்குடியில், ஊரார் துணையோடு முகாம்கள் நடத்தப்பட்டன. ‘குடிகாரன்’ என்ற வசைச்சொல்லின் இடத்தில் ‘குடிநோயாளி’ என்ற சொல் தமிழில் நிலைபெற இத்தகைய பணிகள் துணைநின்றன. பெயர் மாறியதும் கேள்வியும் மாறியது: நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கலாம், குற்றவாளியிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

புணேயில் நடந்தது இதற்கு இணையானது. 1980களின் நடுவில் பிரவுன் சுகர் என்னும் மட்டரக ஹெராயின் இந்திய நகரங்களில் பரவியது. மராத்தி எழுத்தாளரும் மருத்துவப் படிப்பு படித்தவருமான அனில் அவசட், அதற்கு அடிமையான இளைஞர்களைச் சந்தித்துத் தொடர்ந்து எழுதினார். அதைப் படித்துக் கலங்கிய எழுத்தாளர் பு.ல. தேஷ்பாண்டே நன்கொடை அளித்தார். எரவாடா மனநல மருத்துவமனையில் பணியாற்றிய அனிலின் மனைவி, மருத்துவர் அனிதா அவசட் பொறுப்பேற்க, 1986 ஆகஸ்ட் 29 அன்று ‘முக்தாங்கண்’ தொடங்கியது. அங்கே மீண்டவர்களே பணியாளர்களானார்கள். பாட்டும் யோகமும் கைவினையும் கூட்டுப் பேச்சும் அன்றாட ஒழுங்கின் பகுதியாயின; நோயாளிகளின் மனைவியருக்கு ‘சஹசரி’ என்ற தனிக்குழு அமைந்தது. அடைத்து வைத்து அடித்துத் திருத்தும் மையங்கள் நாட்டில் இன்றும் இருக்கும் நிலையில், முக்தாங்கண் முன்வைத்த மாற்று எளிமையானது: முதலில் மதிப்போடு நடத்து, பிறகு வலியைப் பேச இடம் கொடு. 1997இல் அனிதா புற்றுநோயால் இறந்தார். நிறுவனம் நிற்கவில்லை, மகள் முக்தா அதைத் தொடர்ந்தார்.

இந்தியாவிலிருந்து வெளியே சென்ற ஒரு சரடும் இங்கே குறிப்பிடத்தக்கது. எஸ்.என். கோயங்கா 1969இல் பர்மாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த விபாசனா தியானப் பயிற்சி, 1994 ஏப்ரலில் கிரண் பேடி பொறுப்பில் இருந்த திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளுக்கு ஒரே நேரத்தில் கற்பிக்கப்பட்டது. அதே பத்துநாள் பயிற்சி 1997இல் சியாட்டில் அருகே ஒரு சிறையில் தொடங்கியது. அங்கே அதை ஆராய்ந்தவர்களுள் ஒருவர், 311 சரிவுகளைப் பகுத்த அதே மார்லட். பயிற்சி முடித்து விடுதலையானவர்களிடம் போதைப் பயன்பாடு குறைந்திருந்ததை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. அதிலிருந்து அவரும் மாணவர்களும் உருவாக்கிய சிகிச்சை முறை, வலியையும் வேட்கையையும் விரட்டாமல், அவற்றுக்கு அடிபணியாமல், அலை எழுந்து தணிவதைப் பார்த்திருக்கக் கற்பிக்கிறது. ஒரு வேட்கை எவ்வளவு பெரிதாக எழுந்தாலும் தானே தாழும் என்பதை உடல் ஒருமுறை அறிந்துகொண்டால், அடுத்த அலையில் அச்சம் குறைகிறது. இந்தப் பயிற்சி எல்லோருக்கும் ஏற்றதன்று. கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கு மருத்துவ மேற்பார்வை தேவை.

ஆக, ஏழு பத்தாண்டுகளில் மூன்று விடைகள் திரண்டன: வலியை அறிந்தவரோடு பகிர்வது, அதன் வகையைப் பிரித்தறிந்து தேவைப்படும்போது மருத்துவம் பெறுவது, எஞ்சும் வலியோடு நிதானமாக இருக்கப் பழகுவது. இவற்றில் எது தனித்து நின்றாலும் குறைபடுகிறது என்பதற்கு வில்சனின் வாழ்வே சான்று. முதலாவது அவரைக் குடியிலிருந்து காத்தது. பதினொரு ஆண்டு மனச்சோர்விலிருந்து காக்கவில்லை.

இன்றைய இந்தியாவில் இந்த அறிவு எத்தனை பேரைச் சென்றடைகிறது? அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் தேசிய மையம் நடத்தி, 2019இல் அரசு வெளியிட்ட ஆய்வின்படி, மதுப் பயன்பாட்டுச் சிக்கலுக்கு உதவி தேவைப்படுவோர் ஏறக்குறைய 5.7 கோடி. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாகச் சொன்னார்; உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். அந்தச் சிகிச்சையும் பெரும்பாலும் விலகல் அறிகுறிகள் தணிவதோடு முடிகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. சட்டத்தின் அளவில் இது பெரிய நகர்வு. வார்டிலிருந்து வீடு திரும்புபவருக்கு அடுத்த ஓராண்டில் யாரிடம் பேசுவது என்ற கேள்விக்கு மட்டும் பெரும்பாலான மாவட்டங்களில் இன்னும் விடை இல்லை.

வரலாற்று மாணவர்களுக்கு இங்கே ஒரு பணி காத்திருக்கிறது. மது குறித்த ஆவணங்கள் கலால் துறையில் குவிந்துள்ளன. மீட்சி குறித்த ஆவணங்கள் ஏறக்குறைய இல்லை. பெயர் மறைப்பு என்பது ஏ.ஏ.வின் அடிப்படை நெறி. அது உறுப்பினர்களைக் காத்தது. அதுவே அவர்களை ஆவணக் காப்பகத்திலிருந்தும் மறைத்தது. மாலை வேளைகளில் பள்ளி வகுப்பறைகளிலும் தேவாலயக் கூடங்களிலும் கூடிய மனிதர்கள், தந்தை இறந்த இரவைக் குடிக்காமல் கடந்தது எப்படி என்றும், பேச மறுத்த மகனின் முன் நின்றது எப்படி என்றும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மனைவியர் தங்கள் குழுக்களில் சொன்னவை அதைவிடவும் குறைவாகவே வெளியே தெரிகின்றன. பெயர்களைக் காத்தபடியே, ஒப்புதலோடு, இந்த வாய்மொழி வரலாற்றைத் திரட்ட முடியும். அதைச் செய்யக்கூடிய முதல் தலைமுறை உறுப்பினர்கள் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களோடு போகவிருப்பது ஒரு இயக்கத்தின் நினைவு மட்டுமன்று. எளிய மனிதர்கள் தாங்க முடியாததைத் தாங்கக் கற்ற முறைகளும் அவர்களோடு போய்விடும்.